வினைமுற்று இல்லாத செய்திகள்

2024 செப்டம்பர் 18. திருமலை லட்டுக்குப் பயன்படுத்தப்பட்ட நெய்யில் முந்தைய ஆட்சிக் காலத்தில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாக ஆந்திர முதல்வர் தம் கூட்டணிச் சட்டமன்ற உறுப்பினர் கூட்டத்தில் குற்றஞ்சாட்டினார். சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தெலுங்கு அலைவரிசையும் தமிழ் அலைவரிசையும் மாறி மாறி ஓடுவது வழக்கம். அன்று இரண்டிலும் ஒரே உருண்டை சுழன்றுகொண்டிருந்தது. பின்னணியில் பேய்ப்படத்துக்குரிய இசை. பாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “ஏன் கண்ணு, லட்டுல கொழுப்பு கலந்துட்டாங்களாமே, நெசமா?”

எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியின் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த செய்தி ஒழுக்கம், கோடிகள் செலவிட்டு நடத்தப்படும் அந்தத் திரையில் இல்லை. இது உணர்ச்சிவயப்பட்ட கூற்று அன்று. இலக்கணம் சார்ந்த கூற்று. ‘கலந்துட்டாங்களாமே’ என்பதில் உள்ள ‘ஆம்’ என்னும் இடைச்சொல், ‘இதை நான் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று பொருள்படுவது. தெலுங்கில் அதே பணியை ‘அட’ செய்கிறது: ‘கலிபாரட’. கேள்வியறிவையும் கண்டறிவையும் பிரித்துக் காட்டும் உறுப்பு இவ்விரு மொழிகளின் பேச்சிலும் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சொல்லப்படுகிறது’ என்று தனித்தொடர் கட்ட வேண்டிய இடத்தில், நமக்கு ஓரசை போதும். அந்த ஓரசையைத் தொலைக்காட்சிச் செய்தி தொலைத்துவிட்டது. தொலைத்ததற்குக் காரணம் அறியாமை அன்று, வருவாய் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் செய்திமொழியைக் கவனியுங்கள். ‘லட்டில் விலங்குக் கொழுப்பு?’, ‘அதிர்ச்சியில் பக்தர்கள்’, ‘சிக்கப்போவது யார்?’, ‘அடுத்தடுத்துத் திருப்பம்’. எந்த அலைவரிசையின் தலைப்பையும் நான் மேற்கோள் காட்டவில்லை; எல்லா அலைவரிசைக்கும் பொதுவான வாய்பாட்டைக் காட்டுகிறேன். இந்த வாய்பாட்டில் வினைமுற்று அரிது. வந்தாலும் வினாவுக்குள் ஒளிந்துகொள்கிறது. தமிழும் தெலுங்கும் வினை இறுதியில் நிற்கும் மொழிகள். காலம், இடம், எண், உடன்பாடு, மறுப்பு, ‘ஆம்’ என்னும் கேள்விச்சான்று எல்லாம் அந்த இறுதிச் சொல்லிலேயே வந்து சேர்கின்றன. அதை வெட்டிவிட்டால் வாக்கியம் எதையும் உறுதி கூறாது. ஆனால் எல்லாவற்றையும் உணர்த்திவிடும். ‘லட்டில் விலங்குக் கொழுப்பு’ என்னும் தொடர் பொய் என்று எவரும் வழக்குத் தொடுக்க முடியாது. அது இன்னும் வாக்கியமே ஆகவில்லையே! இறுதியில் இடப்படும் வினாக்குறியோ கேள்வி அன்று. வழக்கறிஞர் தந்த கவசம். திரையில் கண் அதைக் காண்கிறது. வாசிப்பவரின் உரத்த குரலில் காது அதைக் கேட்பதில்லை.

வினைச்சொல் ஆறு பொருள்களை உணர்த்தும் என்கிறது நன்னூல்: யார் செய்தார், எதைக்கொண்டு, எங்கே, என்ன தொழில், எப்போது, எதை. இதழியல் வகுப்பில் மேல்நாட்டு வாய்பாடாகக் கற்பிக்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இவை. பவணந்தியார் அவற்றை வினையின் இலக்கணமாகவே வைத்துவிட்டார். அப்படியெனில் வினையை நீக்கிய செய்தியில் மிஞ்சுவது என்ன? படம், இசை, பெயர்ச்சொல்.

நெய் விவகாரத்திலேயே அந்த ஆறையும் கேட்டுப் பார்ப்போம். குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி சென்றது 2024 ஜூலையில்; அறிக்கை வந்ததும் அதே ஜூலையில். பால்கொழுப்புக்கான அளவீடுகள் வரம்பிலிருந்து விலகியிருந்தன என்றது அறிக்கை. எந்தெந்த அயற்கொழுப்புகள் கலந்தால் அவ்வாறு விலகக்கூடும் என்ற பட்டியலில் தாவர எண்ணெய்களும் இருந்தன. மீன் எண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருந்தன. பசுவின் தீவனம் போன்ற காரணங்களாலும் அளவீடு பிறழக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. ‘கூடும்’ என்பது அறிவியலின் வினைமுற்று. திரைக்கு வந்தபோது அந்தக் ‘கூடும்’ உதிர்ந்துவிட்டது. பட்டியலிலிருந்து ஒரு பெயர்ச்சொல் மட்டும் உருண்டு திரண்டு நின்றது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், சோதிக்கப்பட்ட அந்த நெய்தான் லட்டுக்குப் பயன்பட்டது என்பதற்குச் சான்று எங்கே என்று வினவியது. கடவுளரை அரசியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றும் கூறியது. அக்டோபர் 4 அன்று ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க ஆணையிட்டது. 2025 பிப்ரவரியில் நெய் வழங்கல் முறைகேடு தொடர்பாக நால்வர் கைதாயினர். விசாரணையின் முடிவு எதுவாயினும் என் வாதம் மாறாது. குற்றம் நடந்திருந்தால் அது யாரால், எந்த ஒப்பந்தப்புள்ளி வழியாக, எந்தச் சோதனைச்சாவடியைக் கடந்து நடந்தது என்பதே செய்தி. அதற்குச் சில மாத உழைப்பு வேண்டும். உருண்டையைச் சுழற்ற ஒரு வரைகலைஞர் போதும்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. நாம் செலுத்தும் மாதக் கட்டணத்தில் ஒரு செய்தி அலைவரிசையின் பங்கு சொற்பம். சில இலவசமாகவே வருகின்றன. அவற்றின் பிழைப்பு விளம்பரத்தால். விளம்பரத்தின் விலை பார்வையாளர் மதிப்பீட்டால். அந்த மதிப்பீட்டை அளக்கும் பார்க் அமைப்பின் கருவிகள் 2020இல் சுமார் 44,000 வீடுகளில் இருந்தன. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகளோ ஏறத்தாழ 21 கோடி. அவ்வாண்டு அக்டோபரில் மதிப்பீட்டு மோசடி வழக்கை மும்பைக் காவல்துறை வெளிப்படுத்தியதும் செய்தி அலைவரிசைகளுக்கான மதிப்பீடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினேழு மாதங்களில் செய்தியின் கூச்சல் குறைந்ததா? பந்தயம் நிற்கவில்லை, யூடியூபின் முகப்புப் படத்துக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்னும் விதி ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த ஒழுங்காற்று ஆணையம் முனைந்தபோது நீதிமன்றப் படியேறியவர்களுள் செய்தி ஒளிபரப்பாளர் சங்கமும் ஒன்று.

விளம்பர இடைவேளைக்கு அப்பாலும் நம்மைக் கட்டிவைக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் கட்டளை. முற்றுப்பெற்ற வாக்கியம் பார்வையாளரை விடுவித்துவிடும். ‘சோதனை முடிவு இன்னும் உறுதியாகவில்லை’ என்று சொல்லிவிட்டால் அவர் எழுந்து சோறு உண்ணப் போய்விடுவார். முற்றுப்பெறாத தொடரோ கதைத்தொடரின் வெள்ளிக்கிழமைக் காட்சிபோல் அவரை நாற்காலியில் நிறுத்தும். செய்தி அறிவிப்பாளரின் வாயில் இன்று தவறாமல் கேட்கும் வினைமுற்றுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்: ‘காத்திருங்கள்’, ‘இணைந்திருங்கள்’, ‘பார்த்துக்கொண்டே இருங்கள்’. அதிகாரத்தில் இருப்போரைப் பற்றிய வினைகள் மறைந்தன; நம்மை ஏவும் வினைகள் எஞ்சின. அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பற்றி 1985இல் எழுதிய நீல் போஸ்ட்மன், ஒரு செய்தியை அடுத்ததிலிருந்து துண்டிக்கும் இணைப்புச் சொற்களுக்கு ஓர் இயலையே ஒதுக்கினார். நம் அலைவரிசைகள் அவரையும் விஞ்சிவிட்டன. வாக்கியத்தை அதன் வினையிலிருந்தே துண்டித்துவிட்டன.

கேளிக்கைக்கும் செய்திக்கும் இடையே இருந்த சுவர் எவ்வளவு மெலிந்தது என்பதை அதே செப்டம்பர் காட்டியது. ஐதராபாத்தில் ஒரு திரைப்பட விளம்பர நிகழ்ச்சியில் தொகுப்பாளர் லட்டுப் பகடியொன்றைக் காட்டிக் கேட்க, நடிகர் கார்த்தி, அது உணர்வுபூர்வமான விஷயம், வேண்டாம் என்று சிரித்தபடி விலகினார். ஆந்திரத் துணை முதல்வரும் திரை நட்சத்திரமுமான பவன் கல்யாண் கண்டித்தார். செப்டம்பர் 24 அன்று கார்த்தி மன்னிப்புக் கேட்டார். கேட்டார்! செய்தவர் யார், எப்போது, எதற்காக என்று அனைத்தும் ஐயமற அமைந்த வினைமுற்று இது. நெய்யைப் பற்றி ஒரு முழு வாக்கியமும் கிடைக்காத நாள்களில், நடிகரின் மன்னிப்புக்கு மட்டும் இலக்கணம் பிழையின்றிக் கிடைத்தது.

உடைமையையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராகப் பொறுப்பேற்ற பி.ஆர். நாயுடு, டிவி5 அலைவரிசையின் நிறுவனர். எதிர்க்கட்சியின் தலைவர் ஜெகன்மோகன் ரெட்டியோ சாக்ஷி ஊடகக் குழுமத்தைத் தொடங்கியவர். தேவஸ்தானத்துக்கே சொந்தமாக ஒரு பக்தி அலைவரிசை உண்டு. எந்தத் தனிமனிதர்மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. செய்திக்குரியவரும் செய்தி விற்பவரும் ஒருவரே ஆகிவிட்ட ஊரில், ‘யார் செய்தார்’ என்னும் வினைக்கூறு விலையுயர்ந்த பொருளாகிவிடும் என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

இது இலக்கண நுட்பம் மட்டுமே என்று எண்ணுவோர் 2025 ஜனவரி 8 இரவை நினைவுகூரட்டும். வைகுண்ட ஏகாதசி தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் அறுவர் இறந்தனர். அவர்களுள் சேலம் மாவட்டப் பெண்மணி ஒருவரும் உண்டு. ‘நெரிசலில் சிக்கி 6 பேர் பலி’ என்று ஓடும் எழுத்துகள் சொல்லும். ‘பலி’யில் செய்பவன் இல்லை. நெரிசல் என்பது மழைபோல் வானிலிருந்து விழுந்தது. கதவைத் திறந்தது யார், யாருடைய ஆணையால், எத்தனை காவலரைக்கொண்டு, எந்த நேரத்தில் என்னும் கேள்விகள் அத்தொடருக்குள் நுழையவே முடியாது. மறுநாள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், சிலர் இடமாற்றப்பட்டனர், நீதி விசாரணை அறிவிக்கப்பட்டது. அழுகையின் அண்மைக்காட்சிக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்கேனும் அந்த விசாரணையின் பின்தொடர்ச்சிக்குக் கிடைத்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் பின்னே செல்கிறேன், எங்கள் மலைக்கே. 2015 ஏப்ரல் 7 விடியலில் சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச்சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர்; பலர் பழங்குடியினர். எல்லைக்கு இப்பால் அவர்கள் ‘ஸ்மக்லர்கள்’. அப்பால் ‘அப்பாவித் தமிழர்கள்’. இரண்டுமே பெயர்ச்சொற்கள். இரண்டுமே அவரவர் சந்தைக்கு ஏற்றவை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்று தப்பியவர்கள் கூறினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரித்தது. சுட்டவர் யார், எவ்வளவு தொலைவிலிருந்து, மரத்தின் விலையில் அந்தக் கூலிகளுக்குக் கிடைக்கவிருந்தது எவ்வளவு, அவர்களை அனுப்பியவர் யார்? வினைகளைக் கேட்டவர்கள் சில வழக்கறிஞர்களும் சில செய்தித்தாள் நிருபர்களுமே. உடல்களின் அருகே மரக்கட்டைகள் கிடந்த அந்தப் படம் மட்டும் திரையில் திரும்பத் திரும்ப வந்தது. பத்தாண்டு கடந்தும் என் மாணவர்களின் நினைவில் இருப்பது அந்தப் படமே; வழக்கு என்னவாயிற்று என்று கேட்டால் மௌனம்.

இரு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். நாளிதழ்த் தலைப்புகளும் வினையின்றித்தானே வருகின்றன என்பது முதலாவது. உண்மை. ஆனால் அங்கே தலைப்புக்குக் கீழே உடல் இருக்கிறது. வினைகள் உடலில் உண்டு. தொலைக்காட்சியில் தலைப்பே உடல். மக்கள் விரும்புவதைத்தானே தருகிறார்கள் என்பது இரண்டாவது. என் பாட்டியும் மக்களுள் ஒருவரே. அவர் விரும்பியது ‘நெசமா?’ என்பதற்கான விடை. அது அன்றிரவு எந்த அலைவரிசையிலும் விற்பனைக்கு இல்லை. இல்லாத பண்டத்தை வாங்கவில்லை என்று வாடிக்கையாளரைக் குறைசொல்வது என்ன நியாயம்?

கடைசிக் கண்டனம் நம்மீது. ஊர்ப்புறப் பகுதிநேரச் செய்தியாளருக்குப் பெட்ரோல் செலவுகூடத் தராத அலைவரிசைகளுக்கு, மாலை விவாதம் ஏறத்தாழ இலவசச் சரக்கு. அந்தச் சரக்கை அளிப்போரில் பல்கலைக்கழகத்தாராகிய நாமும் உண்டு. பெயருக்கு முன் ‘முனைவர்’, பெயருக்குக் கீழ் ‘கல்வியாளர்’, நாற்பது வினாடி, இடையில் மூன்று குறுக்கீடு. கருத்தரங்கில் அடிக்குறிப்பின்றி ஒரு வரியும் சொல்லாதவர்கள், விவாதக் கட்டத்துக்குள் நுழைந்ததும் ‘கூடும்’, ‘ஆம்’ இரண்டையும் வாசலிலேயே கழற்றிவிடுகிறோம். மொழியியல் படித்தவர்களுக்கு இதில் மன்னிப்பே கிடையாது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஆசிரியர்களுக்கு: ஆய்வறிக்கையையோ நீதிமன்ற ஆணையையோ முழுதாகப் படிக்க நேரம் தராத விவாதத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிடுங்கள். மாணவர்களுக்கு: ஒரு வாரம், ஒரு மணி நேரச் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதி, வினைமுற்று உள்ள வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றிலும் செய்தவர் யார் என்று தெரிபவற்றைத் தனியே எடுங்கள். எஞ்சுவதுதான் நீங்கள் அன்று பெற்ற செய்தி. அந்தப் பக்கத்தை இங்கே பின்னூட்டத்தில் இடுங்கள், சேர்த்துப் படிப்போம்.

பாட்டிக்கு அன்று நான் சொன்ன விடை: “இன்னும் தெரியல. சொல்றாங்க, அவ்வளவுதான்.” அவர் தலையசைத்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தார்.