ஆவி படியாத கண்ணாடியே கண்ணில் நிற்கும்

செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை அளவியில் ஊற்றும் நேரம் பார்த்துத்தான் மாணவர் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்துகிறார்கள். ஏசிப் பயனில்லை. ஆவி படிந்த வில்லையினூடாக அளவுக் கோட்டை எப்படி வாசிப்பது? ஆனால் காரம் அமிலத்தைவிடக் கொடியது. கண்ணின் இழையத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

அட்டாளைச்சேனை, ஒலுவில், சம்மாந்துறை என்று நமது கரையோர ஆய்வுகூடங்களுக்கு இந்தத் தொல்லை ஆண்டு முழுவதும் உண்டு. மாரியில் காற்றே ஈரம். கச்சான் வீசும் மாதங்களில் முகமெல்லாம் வியர்வை. குளிரூட்டிய களஞ்சிய அறையிலிருந்து எடுத்த கண்ணாடியை வெக்கையில் மாட்டினால் உடனே மங்கிவிடும், வில்லையின் வெப்பநிலை பனிபடுநிலைக்குக் கீழே இருப்பதால். பயிற்சிக்கு முன்பே அதை வெளியே எடுத்து வைப்பது செலவில்லாத வைத்தியம்.

காற்றோட்டத்துக்காக நேரடித் துளையுள்ளவற்றை வாங்குவோர் பலர். அது தவறு. காற்று நுழையும் துளையால் தெறிக்கும் திரவமும் நுழையும். துளைக்கு மறைப்புள்ள வகையே இரசாயன வேலைக்கு உகந்தது. ஐரோப்பிய ஈஎன் 166 நியமப்படி, சட்டத்தில் 3 என்ற இலக்கம் திரவத்துளிக் காப்பையும், வில்லையில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து ஆவி படியாமையையும் குறிக்கும். அமெரிக்க இசட் 87.1 நியமத்தில் இவற்றுக்கு ‘டி3’, ‘எக்ஸ்’. பின்னது 2020 பதிப்பில்தான் சேர்ந்தது.

ஐரோப்பியச் சோதனை கேட்பது வில்லை 8 செக்கன் தெளிவாக இருப்பதை மட்டுமே. நமது செய்முறை வகுப்போ மணிக்கணக்கு. ஆகவே அந்த எழுத்தை ஆகக் குறைந்த தகுதியாகவே கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அதற்கு மேல் பொருந்தும் அகன்ற வகை தேவை. அவர்களுக்கு மங்குவது இரண்டு கண்ணாடிகள்.

நல்ல வில்லையின் உட்பூச்சு நீரை விரும்புவது. படியும் ஈரத்தைத் துளிகளாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். அற்ககோலாலோ அசற்றோனாலோ துடைத்தால், உடுப்பின் நுனியால் உரசினால், அந்தப் பூச்சு போய்விடும். மென்சவர்க்கார நீரில் அலசி, தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

இனி விலைமனுக் கோரும்போது ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள். மறைப்புள்ள துளை, 3, ‘என்’ ஆகியவற்றையும் எழுதுங்கள். மொத்தமாக வாங்குமுன் மாதிரி ஒன்றைக் கேட்டெடுத்து, புழுக்கமான ஒரு பிற்பகலில், ஒரு முழுச் செய்முறைக்கும் நீங்களே அணிந்து பாருங்கள். இடையில் கழற்றத் தோன்றினால் திருப்பி அனுப்புங்கள்.