புதுமை ஸ்மார்ட் போர்டில் இல்லை, ஐயா!

காரைக்கால் கல்லூரி மாணவர்களோடு வேலை செய்யும் நாங்கள், ஆங்கில விரிவுரையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: புதிய கற்பித்தல் முறைகள் நல்லவைதான், ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அடித்தளம் இல்லை, கருவிகளும் இல்லை.

தோழர்களே, இதை ஏற்காதீர்கள். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டம் தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில்தான் நடந்தது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, அவற்றிலிருந்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இலக்கணப் பாடம் முன்னால் வரவில்லை. வேலையினூடே மொழி வந்தது. இன்று உலகமே பேசும் முறைக்கு அது முன்னோடி. நாகூர் வழியாகக் காரைக்காலுக்கு வரும் ரயிலின் அட்டவணையை வைத்து இதைச் செய்ய என்ன தடை?

தடை வகுப்பறையில் இருக்கிறது. முதல் தலைமுறை மாணவி வாய் திறந்தால் முன்வரிசை சிரிக்கிறது; ஆசிரியர் பாடத்தைத் தொடர்கிறார். குழுவாகப் பிரியுங்கள் என்றால் ஊரும் சேரியுமாகவே பிரிகிறார்கள். இதற்குப் பெயர் புதுமையா?

1936-இல் லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையை அண்ணல் ஆங்கிலத்திலேயே அச்சிட்டு நாட்டின் முன் வைத்தார். அந்த மொழி நமக்கும் வேண்டும்.

நாங்கள் கேட்பது மூன்று. குழுக்களை ஆசிரியரே பிரிக்க வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல அனுமதிக்க வேண்டும். கடைசி வரிசைக்கே முதல் பேச்சு தர வேண்டும்.

எழுதிக் கையெழுத்திட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். நாங்கள் உடன் வருகிறோம். ஜெய்பீம்!