முப்பத்தொன்று மூன்றான கதை

தேர்தல் முடிவுகளைப் படிப்பதிலே இருவகை உண்டு, தோழர்களே! வென்ற இடங்களை எண்ணி வெடி கொளுத்தி மகிழ்வது ஒரு வகை. விழுந்த வாக்குகளை நிறுத்துப் பார்த்து வழி தேடுவது மற்றொரு வகை. முன்னது ஒரு நாள் விழா. பின்னது இயக்கத்துக்கு உரம்.

1967-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவெங்கும் 520 இடங்களில் 283 இடங்களைப் பெற்று, டில்லிப் பீடத்தைக் காத்துக்கொண்டது காங்கிரஸ். ஆனால் சென்னை மாநிலத்திலே நடந்தது என்ன? 39 இடங்களில் அதற்குக் கிடைத்தவை மூன்றே மூன்று! கழகம் நின்ற இடங்கள் 25. வென்ற இடங்களும் 25! தோழமைக் கட்சிகளிலே சுதந்திராக் கட்சிக்கு 6, மார்க்சிஸ்டுகளுக்கு 4. ஐந்தாண்டுகளுக்கு முன், 1962-இலே, இதே மாநிலத்தின் 41 இடங்களில் 31-ஐ அள்ளிச் சென்ற கட்சியல்லவா காங்கிரஸ்! முப்பத்தொன்று எங்கே, மூன்று எங்கே!

மக்கள் மொத்தமாக முகம் திருப்பிக்கொண்டனர் என்றுதானே எண்ணத் தோன்றும்? வாக்குக் கணக்கு அவ்விதம் கூறவில்லை. 1962-இல் நூற்றுக்கு 45 வாக்குகள் பெற்ற காங்கிரஸ், 1967-இலும் நூற்றுக்கு 41-க்கு மேல் பெற்றது. குறைந்த வாக்குகள் நூற்றுக்கு நான்கினும் கீழே; சரிந்த இடங்களோ 28!

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. தொகுதியிலே முந்தி நிற்பவருக்கே இடம் என்பது இந்நாட்டுத் தேர்தல் முறை. 1962-இலே காங்கிரசை எதிர்த்த வாக்குகள் பல சிற்றோடைகளாகப் பிரிந்து மணலிலே சுவறிப் போயின. 1967-இலே இராஜாஜியும் செங்கொடித் தோழர்களும் முஸ்லிம் லீகினரும் கழகத்தோடு கைகோத்தனர். ஓடைகள் கூடி ஆறாயின. அரிசித் தட்டுப்பாட்டால் அடுப்பெரியா வீடுகளின் பெருமூச்சும், 1965 மொழிப்போரிலே சிந்திய குருதியும் அந்த ஆற்றுக்கு வேகம் தந்தன.

25-க்கு 25 என்பது பெருமைதான், மறுப்பார் யார்? ஆனால் அந்தப் பெருமையிலே தோழமைக் கட்சித் தொண்டனின் வியர்வையும் கலந்திருக்கிறது. அதை மறப்பது நன்றி கொல்லும் செயல். எதிர்த்து வாக்களித்தாரே நூற்றுக்கு 41 பேர், அவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போய்விடவில்லை. நம் தெருவிலே, நம் திண்ணையிலே, நம் உறவிலே இருந்தார்கள். 1967 சட்டமன்றத் தேர்தலிலே விருதுநகரில் வீழ்ந்த காமராசர், 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலிலே வென்று பாராளுமன்றம் புகுந்தார். வீழ்ந்தவர் எழுவதற்கு இரண்டே ஆண்டுகள் போதுமாயிருந்தன!

இன்னும் விரைவாக வந்த பாடமும் உண்டு. 1980 சனவரிப் பாராளுமன்றத் தேர்தலில், கழகமும் இந்திரா காங்கிரசும் நின்ற அணிக்கு 39-இல் 37 இடங்கள். கோட்டையும் கைக்கு வந்துவிட்டதென எண்ணாதார் யார்? மே திங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தது; அதே மக்கள், ஆட்சியை எம்.ஜி.ஆரிடமே மீண்டும் ஒப்படைத்தனர். டில்லிக்கு ஒரு தீர்ப்பு, கோட்டைக்கு ஒரு தீர்ப்பு! 2014-இல் அ.தி.மு.க.வுக்கு 37 இடங்கள், கழகத்துக்கு ஒன்றுமில்லை. 2024-இல் 39 இடங்களும் கழக அணிக்கு, அ.தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை.

தராசு மக்கள் கையிலே இருக்கிறது, தோழர்களே! எந்தத் தட்டும் நிலையாகத் தாழ்ந்திருக்கும் என்று அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே, வெற்றி கிட்டிய ஊரிலே தொண்டன் முதலில் செய்யத்தக்கது யாது? வாக்காளர் பட்டியலைக் கையிலே எடுக்கட்டும். நமக்கு வாக்களிக்காத வீட்டின் கதவை முதலில் தட்டட்டும். குடிநீர் வந்ததா, கூலி கிடைத்ததா, பிள்ளை பள்ளிக்குச் சென்றதா எனக் கேட்கட்டும். கூட்டணி கூட்டித் தரும் இடங்கள் ஒரு தேர்தலுக்கு. கேட்டறிந்து, உழைத்துப் பெறும் நம்பிக்கையோ ஒரு தலைமுறைக்கு!