மஸ்தக் செய்த குற்றம் என்ன?

ஒரு மதத்திற்குள் புதுக்கொள்கை ஒன்று கிளம்பினால், அதைச் சாத்தானின் வேலை என்று சொல்லிவிடுவது புரோகிதர்களின் வழக்கம். அது ஏன் கிளம்பிற்று என்று மட்டும் கேட்கமாட்டார்கள். பழைய பாரசீகத்து மஸ்தக்கின் வரலாறே இதற்குப் போதிய அத்தாட்சியாகும்.

அக்காலத்துப் பாரசீகத்தின் ராஜாங்க மதம், இன்று பார்சிகள் அனுசரிக்கும் ஜொராஸ்டிர மதமாகும். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரில் மனிதன் ஒளியின் பக்கம் நிற்கவேண்டும் என்பது அதன் போதனை. நாட்டில் நடந்ததோ வேறு. புரோகிதர், போர்வீரர், எழுத்தர், உழைப்பாளி என்று ஜனங்கள் பிறப்பால் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நிலமும் தானியமும் பிரபுக்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தன. பேரோஸ் அரசன் காலத்தில் கொடும்பஞ்சம் வந்தது. 484-ல் அவ்வரசனும் வெள்ளை ஹூணர்களிடம் தோற்று மாண்டான்.

இந்தப் பசியில்தான் இக்கொள்கை வளர்ந்தது. பசா என்னும் ஊராரான ஜரதுஷ்த் என்பவர் வித்திட்டார் என்றும், பாம்தாதின் மகனான மஸ்தக் அதைப் பரப்பினார் என்றும் சொல்லப்படுகிறது. கடவுள் எல்லோருக்கும் பொதுவாக வைத்ததைச் சிலர் அபகரித்துக்கொண்டதே பகைக்குக் காரணம், ஆகையால் உள்ளவன் இல்லாதவனுக்குப் பங்கிடவேண்டும் என்பதே அதன் சாரம்.

பிர்தௌசி தம் ஷாநாமாவில் ஒரு கதை சொல்லுகிறார். பாம்பு கடித்தவனுக்கு மருந்து கொடாமல் ஒளித்தவன் குற்றவாளியா என்று மஸ்தக் அரசனைக் கேட்டார். ஆம் என்றான் அரசன். உடனே அவர் பசித்த ஜனங்களைத் தானியக் களஞ்சியங்களுக்கு அனுப்பிவிட்டாராம். இதற்கு எந்தப் புரோகிதன் பதில் சொல்ல முடியும்?

நிற்க, 488-ல் பட்டத்துக்கு வந்த கவாத் அரசன், பிரபுக்களை அடக்க உதவுமென்று இக்கொள்கையை ஆதரித்தான். 496-ல் பிரபுக்களும் புரோகிதர்களும் கூடி அவனைச் சிறையிட்டார்கள். அவனோ தப்பியோடி, ஹூணர் படையோடு வந்து மீண்டும் பட்டமேறினான். பிறகு அவனுக்கு மஸ்தக் வேண்டியிருக்கவில்லை. 530-ஐ ஒட்டி, இளவரசன் குஸ்ருவின் முயற்சியால் மஸ்தக்கும் அவர் கூட்டத்தாரும் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்தக் குஸ்ருவுக்குத்தான் சரித்திரத்தில் "நீதிமான்" என்று பட்டம்!

மஸ்தக் பெண்களைப் பொதுவாக்கினார் என்று பழி சொல்லுகிறார்கள். சொன்னவர்கள் யார்? அவருடைய விரோதிகள். அவர் கக்ஷியார் எழுதிய நூல் ஒன்றாவது நமக்கு மிஞ்சவில்லை. அந்தப்புரங்களில் பெண்களை அடைத்துவைத்த பிரபுக்களை மட்டும் யாரும் பழிக்கவில்லை.

ஒளியைப் பற்றிப் பேசியவரை அந்த மதம் மஸ்தக்கைத் தண்டிக்கவில்லை. களஞ்சியத்தைத் திற என்றபோதுதான் அது மதத்துரோகமாயிற்று. அரசன் தயவை நம்பிய சீர்திருத்தம், அவன் காரியம் முடியும்வரைதான் உயிர்வாழும் என்பதும் இதனால் விளங்கவில்லையா?