ஸ்டூலுக்கு யார் பெர்மிட் கொடுத்தது?

மார்கழி பாதியைத் தாண்டினால் நம் டவுன்ஷிப் வீடுகளில் ஒட்டடைக்கம்பு வெளியே வந்துவிடும். போகிக்குள் பரண் காலியாக வேண்டும், பாய் தலையணை வெயில் காண வேண்டும், பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கியாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தூசி மட்டும்தான். நமக்குப் பழுப்பு நிலக்கரித் தூளும் உண்டு. எந்த வட்டத்தில் குடியிருந்தாலும் ஜன்னல் கம்பியில் விரலை இழுத்தால் விரல் கறுத்துவிடும்.

போகிச் சுத்தம் நல்ல வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். அதுவும் என்னைப் போல அனல்மின் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்களைத்தான் கேட்கிறேன்.

ஓவர்ஹால் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொதிகலன் குழாய்களில் சாம்பல் படியும். ஓடும்போதே ஊதித் தள்ளினாலும் ஒட்டியது கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். யூனிட்டை நிறுத்தித்தான் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தியவுடன் யாராவது துணியும் கையுமாக உள்ளே இறங்கினோமா? பெர்மிட் வாங்கினோம். மின் இணைப்பைத் துண்டித்து அபாயப் பலகை மாட்டினோம். சாரம் கட்டினோம். ஹெல்மெட், பெல்ட், முகமூடி போட்டோம். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் நிற்பார். எந்த நாளில் எந்த வேலை, அதற்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும்.

அங்கேயும் விபத்து நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் விபத்துகளில் போன உயிர்களை இந்த ஊர் மறக்காது. விதிகள் இருந்த இடத்திலேயே அப்படி என்றால், விதியே இல்லாத இடத்தை என்னவென்று சொல்வது?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் வந்த முதல் போகிக்கு முந்தின நாள். நான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்த அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, கொஞ்சம் வந்து பிடிங்களேன்" என்றாள். "இதோ வரேம்மா" என்றேன். படித்துக்கொண்டிருந்த செய்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. அண்டா விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "ஸ்டூல் வழுக்கிடுச்சு சார்" என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதே விபத்து பிளாண்டில் நடந்திருந்தால் விசாரணை வந்திருக்கும். கீழே பிடிக்க ஆள் இல்லாமல் மேலே ஏற விட்டது யார் என்ற முதல் கேள்வியிலேயே நான் மாட்டியிருப்பேன்.

ஸ்டூல் மட்டுமா? ஃபேனைத் துடைக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். பேரன் ஓடிவந்து தட்டிவிட்டால்? மெயினை இறக்க எத்தனை நேரம் ஆகும்? பாத்ரூமில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றித் தேய்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. பிளாண்டில் குளோரின் லேசாகக் கசிந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அதே குளோரின்தான். கதவைச் சாத்திய பாத்ரூமில் இருமிக்கொண்டே தேய்ப்பவளிடம் இதை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வேலைக்குப் போன காலத்தில் ஷிஃப்டைக் காரணம் சொன்னோம். சரி, இப்போது எந்த ஷிஃப்ட்? நமக்கு வழியனுப்பு விழா நடத்தி, மாலை போட்டு, வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் ஆரத்தி எடுத்தவள் மறுநாள் காலையும் அதே நேரத்துக்கு எழுந்து அடுப்படிக்குத்தான் போனாள்.

"நாம் செய்தால் அவளுக்குத் திருப்தி வராது" என்பார்கள் நண்பர்கள். முதன்முதலில் ஸ்பேனர் பிடித்தபோது நம் வேலை மட்டும் யாருக்குத் திருப்தியாக இருந்தது? ஃபோர்மேன் திட்டினார், கற்றுக்கொண்டோம். வீட்டில் அவள்தான் ஃபோர்மேன். திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வோம்.

"வேலைக்கு ஆள் வைத்துவிட்டேன்" என்பார்கள் இன்னும் சிலர். அந்த அம்மாவும் அதே ஸ்டூலில்தான் ஏறுகிறார். ஆள் மாறியதால் ஸ்டூல் உறுதியாகிவிடாது.

நமக்கும் வயதாகிவிட்டது, உண்மைதான். அதனால் நான் வீரத்தைக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கால் உள்ள நல்ல ஏணி ஒன்று வாங்குங்கள். ஒருவர் ஏறினால் மற்றவர் பிடியுங்கள். ஒரே நாளில் முடிக்காமல் ஒரு நாளைக்கு ஓர் அறை என்று பத்து நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏற முடியாத பரணை இந்த வருடம் விட்டுவிடுங்கள். மூலையில் கொஞ்சம் ஒட்டடை இருந்தாலும் பொங்கல் பொங்கத்தான் செய்யும். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கனமான பாத்திரத்தைப் பரணில் வைக்காதீர்கள். எங்கள் அண்டா இப்போது சமையலறைத் தரையில் இருக்கிறது, விழுந்த நெளிவோடு.

அவள் கூப்பிட்டால் பேப்பரைக் கீழே வையுங்கள். அந்தச் செய்தி என்னவென்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.