குற்றஞ் செய்யாதவனுக்குப் பயம் ஏன்?

தோட்டத்து ஆபீஸ் தாழ்வாரத்திலும் பட்டணத்துக் கோப்பிக்கடையிலும் நம்மவர் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு: "குற்றஞ் செய்யாதவனுக்குப் பயம் ஏன்?" கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இவ்வார்த்தையே நம் உரிமைகளை ஒவ்வொன்றாக விலைபோகச் செய்தது என்கிறோம்.

1948-ஆம் வருஷம் ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனஞ் செய்யப்பட்டது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளை அடக்கவே என்று சர்க்கார் சொல்லிற்று. விசாரணையின்றி மனிதரை அடைத்துவைக்கும் அதிகாரம் வந்தது; தலையசைத்தோம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சகலருக்கும் அடையாளக் கார்டு வந்தது. வரிசையில் நின்று கைரேகை வைத்தோம். பிறகு பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பிற்று. அரிசிக்கு அளவு வந்தது. பால்வெட்டுக்குப் போகும் தாயின் மடியைச் சோதித்து, மத்தியானச் சோற்றையும் வெளியே கொண்டுபோகாதபடி தடுத்த இடங்கள் உண்டு. அவள் செய்த குற்றம் யாது? பசித்தது ஒன்றுதான்!

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வியாதி தீர்ந்ததாம், பத்தியம் மட்டும் ஆயுள்பரியந்தம்! மந்திரியின் உத்தரவு ஒன்றால் ஒருவரை இரண்டு வருஷம் அடைக்கலாம். மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். 1963-இல் சிங்கப்பூருக்கும் பரவிய அச்சட்டம் அங்கே இன்றும் இருக்கிறது.

1987 அக்டோபரில் 'லாலாங்' நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். அவர்கள் காட்டிலிருந்து வந்தவர்களா? எதிர்க்கட்சி எம்.பி.க்கள், ஆசிரியர்கள், சமூக ஊழியர்கள்! மூன்று பத்திரிகைகளின் லைசென்ஸும் பறிபோயிற்று. 1989-இல், இவ்வுத்தரவுகளை ஆராயக் கோர்ட்டுக்கிருந்த அதிகாரத்தையும் பெரும்பாலும் அகற்றினர். இங்கிலீஷ் படித்த கிராணிமாராகிய நாம் ஹேபியஸ் கார்ப்பஸின் பெருமையை மணிக்கணக்காகப் பேசுவோம். அன்று ஒரு மனுவேனும் எழுதினோமா?

2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர் ஐவர் அதே சட்டத்தின்கீழ் உள்ளே போனபோதுதான் நம்மவருக்குச் சுருக்கென்றது.

2012-இல் அச்சட்டம் மலேசியாவில் ரத்தாயிற்று. மகிழ்ந்தோம். மறுவருஷமே, 1959-ஆம் வருஷத்துக் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையின்றி இரண்டு வருஷம் அடைக்கும் அதிகாரத்தை அதற்குள் புகுத்தினர். "குண்டர் கும்பலுக்குத்தானே" என்றனர் நம்மவர். தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள நம் சங்கங்களில் எத்தனை அன்று ஒரு கண்டனத் தீர்மானம் போட்டன?