இரும்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல

சோதனைக் குழாயில் ஆணியைப் போட்டுத் துருப்பிடிப்பதைக் கவனிக்கும் சோதனை, இடைநிலைப்பள்ளியில் வேதியியல் படித்த நம் எல்லாருக்கும் தெரியும். துருவை எப்படித் தடுப்பது என்றுதான் அங்கே படிக்கிறோம். மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்தம் செய்பவர்களுக்கோ துருப்பிடிக்கிற இரும்புதான் வேண்டும்.

தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில், குரோமேட் ரசாயனம் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலுள்ள குரோமியம் 6 கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இத்தகைய நீருக்கு இரும்பு உதவும். துருப்பிடிக்கும் இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. அவற்றைப் பெறும் குரோமியம் 6, எளிதில் கரையாத குரோமியம் 3 ஆக மாறிப் படிந்துவிடுகிறது. அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில், முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியத்தைத் தடுக்க, 1996இல் நிலத்தடியில் இரும்புத் துகள்களால் சுவர் அமைத்தார்கள். நீளம் 46 மீட்டர், ஆழம் சுமார் 7 மீட்டர். நீர் அதன் ஊடே கடந்து போகும், நஞ்சு தங்கிவிடும்.

அப்படியென்றால் கிடைக்கிற பழைய இரும்பையெல்லாம் கொட்டிவிடலாமா? கூடாது என்பேன். எவர்சில்வர் எளிதில் துருப்பிடிக்காது, அதனால் பயனில்லை. லேத் பட்டறைச் சீவல் மலிவு. ஆனால் எண்ணெய் ஒட்டியிருக்கும், கழுவாமல் போட்டால் நீர் மேலும் கெடும். நானோ இரும்பு வேகமாக வேலை செய்யும். விலையோ அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் எந்த இரும்பின் மேலும் படிவு மூடி, இடைவெளிகள் அடைபடலாம்.

பத்து பெரண்டாம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் வளரும் மாணவர்களுக்கு இரும்புச் சீவல் கிடைப்பது கடினமல்ல. அறிவியல் கண்காட்சிக்கோ இறுதியாண்டு ஆய்வுக்கோ இதை எடுத்துக்கொண்டால், "இரும்பு பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இரும்பு, எங்கே கிடைத்தது, எப்படிக் கழுவினீர்கள், துகளின் அளவு என்ன என்று குறியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் சோதித்தால் போதாது. உண்மையான கிணற்று நீரில் பல வாரங்கள் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கழிவுக் குவியலை அகற்றாமல் சுவரை மட்டும் எழுப்பினால், ஒருநாள் இரும்பு தீர்ந்துவிடும், நஞ்சு தீராது.